மண்பாண்டக் கடையும் ஏரி மண்ணும்

கோடை தலைகாட்டியதும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் மண்பாண்டக் கடைகளுக்கு ஒரு தனிக் களை உண்டாகிவிடுகிறது. மற்ற மாதங்களில் திரும்பியும் பாராமல் அவற்றைத் தாண்டிச் செல்லும் ஜனங்கள் அப்பொழுது நின்று, குனிந்து, பானைகளை விரலால் சுண்டிப் பார்க்கிறார்கள். இக்கடைகளிற் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, கதவும் கிடையாது. ஒரு வேப்பமரத்தின் நிழலிலோ, பழைய மதிலின் ஓரத்திலோ வைக்கோலைப் பரப்பி, பெரிய பானையின்மேல் சிறிய பானையாக அடுக்கியிருப்பார்கள். மாமியாருக்குப் பின் மருமகள், தாய்க்குப் பின் மகள் என்று தலைமுறைகள் மாறினாலும் கடை மட்டும் இடம் மாறாது. கடை எவ்வளவு காலமாக நடக்கிறது என்று கேட்டால், பக்கத்துத் தெருவில் வீடுகள் வருவதற்கு முன்பிருந்தே என்று பதில் கிடைக்கும். அந்தப் பதிலில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். முதலில், இக்கடைக்குச் செல்லும் நேயர் எதை வாங்குவது, எப்படி வாங்குவது என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

பட்டணத்துப் பெரிய கடைகளில் காணக்கூடாத ஓர் ஒழுங்கு இச்சிறு கடையில் உண்டு. அது பஞ்சாங்கத்தை அனுசரித்த ஒழுங்கு. தை பிறக்குமுன் பொங்கல் பானையும் அடுப்பும்; பங்குனி, சித்திரையில் தண்ணீர்ப் பானை; ஆவணியில் பிள்ளையார்; புரட்டாசியில் கொலுப் பொம்மை; கார்த்திகையில் அகல். இவற்றிற்கிடையே, எந்த மாதமென்று பாராமல், கலியாணத்துக்கு அரசாணிப் பானையும் முளைப்பாலிகையும் வேண்டும். சாவு வீட்டுக்குக் கொள்ளிச்சட்டி வேண்டும். எந்தச் சடங்குக்கு எத்தனை பாண்டம், எந்த அளவு என்பதெல்லாம் கடைக்கார அம்மாளுக்கு மனப்பாடம். புரோகிதர் எழுதிக் கொடுத்த ஜாபிதாவில் விட்டுப் போனதையும் அவள் நினைவூட்டி எடுத்து வைப்பாள். சாவு வீட்டிலிருந்து வருகிறவரிடம் அவள் பேரம் பேசுவதில்லை; வந்தவரும் பேசுவதில்லை. பேரமெல்லாம் தண்ணீர்ப் பானைக்குத்தான்.

ஆகவே தண்ணீர்ப் பானையைப் பற்றியே சிறிது விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இப்பொழுது கடைகளில் இரு தினுசுப் பானைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, செங்காவி பூசிச் சுட்ட சாதாரணப் பானை. மற்றொன்று, வர்ணமும் வார்னிஷும் பூசி, பூவும் கொடியும் எழுதி, பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ குழாய் பொருத்திய பானை. பின்னதற்கே விலை அதிகம், கிராக்கியும் அதிகம். ஆனால் தண்ணீரைக் குளிர்விக்கும் தொழிலில் இது முன்னதற்குச் சமமாகாது. காரணம் யாதெனில், பானை குளிர்வது அது வியர்ப்பதனால். மண்ணிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தை அடைந்து, அங்கே ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயுள்ள நீரிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. வார்னிஷ் அத்துளைகளை அடைத்துவிடுகிறது. அழகுக்காக அதிகப் பணம் கொடுத்து, பானையின் உபயோகத்தைக் குறைத்து வாங்கி வருகிறோம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கிராம் நீர் சாதாரண உஷ்ணத்தில் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 லிட்டர் கொள்ளும் பானையிலிருந்து ஓர் ஆழாக்கு நீர் கசிந்து ஆவியாகுமாயின், வெளியிலிருந்து வேறு வெப்பம் புகாதிருந்தால், மிச்சமுள்ள நீரின் உஷ்ணம் சுமார் 10 டிகிரி இறங்கும். வெளி வெப்பம் புகாமலிருப்பது நடவாத காரியமாகையால், அனுபவத்தில் இதைவிடக் குறைவாகவே இறங்கும். எனினும் மின்சாரச் செலவின்றி ஓர் ஆழாக்குத் தண்ணீரால் நடக்கும் வேலை இது என்பதை நினைத்தால், தினந்தோறும் காலையில் பானையில் கொஞ்சம் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு, பானை ஒழுகுகிறதென்று கடைக்காரரோடு சண்டையிடச் செல்லமாட்டோம்.

பானையை வைக்கும் இடமும் முக்கியம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிறது. கடலுக்கு அருகிலுள்ள திருவான்மியூரிலும் நீலாங்கரையிலும் பானை சற்றுச் சோம்பலாக வேலை செய்வது இதனாலேதான். கடற்கரைக்கு உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்தில், சித்திரை வைகாசியில் மேல்காற்று வறண்டு அடிக்கும் முற்பகலில், அதே பானை சில்லென்றிருக்கும்; மாலையில் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே புகுந்ததும் அதன் வேகம் தணியும். சமையலறை மூலையில் காற்றோட்டமில்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பானை சரியில்லை என்று குறை கூறுவோர் பலர். சாளரத்தின் அருகே, நிழலில், புரிமணையின்மேலோ ஈரமணலின்மேலோ வைக்கவேண்டும்.

மற்றொன்று: இப்பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே நம்பியிருக்கும் வீடுகள் அநேகம். அந்நீரில் உப்பும் சுண்ணமும் மிகுதி. அது நாளடைவில் துளைகளை அடைத்து, பானையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. இரண்டு கோடைக்குப் பிறகு பானை குளிராமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் ஓரளவு பயன் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவுவது கூடாது. சோப்பையும் மண் குடித்துவிடும்.

சமையற் சட்டிகளை வாங்குவதில் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். கறுப்புச் சட்டிக்கு இப்பொழுது ஒரு மோகம் ஏற்பட்டிருக்கிறது. சூளையில் காற்றை அடைத்துப் புகையேற்றினால் மண்ணிலுள்ள இரும்புச் சத்து நிறம் மாறிக் கறுக்கும். புகைக்கரியும் மண்ணுக்குள் ஊறிவிடும். காற்றைத் தாராளமாகப் புகவிட்டால் அதே மண் சிவக்கும். இவ்விரண்டும் நெருப்பு தந்த நிறங்கள், இவற்றால் கெடுதியில்லை. ஆனால் சூட்டுக்குப் பின்னர்ச் சாயமோ மெருகெண்ணெயோ பூசிப் பளபளப்பாக்கிய சட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்போ சிவப்போ தாராளமாக ஒட்டுமாயின், அல்லது வெந்நீர் ஊற்றியதும் வர்ண வாசனை வருமாயின், அச்சட்டி அலங்காரத்துக்கே உரியது. கண்ணாடிபோல் மெருகேற்றிய வர்ணப் பாத்திரங்களில், மெருகில் ஈயம் கலந்திருக்கக் கூடும். புளியும் தக்காளியும் வேகும் பாத்திரத்தில் அது மிக்க அபாயம். நம் நாட்டுக் குயவரின் பழைய சட்டிக்கு மெருகு கிடையாது என்பதை நினைவிற் கொண்டால் போதும்.

சுண்டிப் பார்க்கும் வழக்கம் மூடப் பழக்கமன்று. நன்றாக வெந்து விரிசலின்றி இருக்கும் பாண்டம் கணீரென்று ஒலிக்கும். வேகாததும் கீறல் விட்டதும் மந்தமாக ஒலிக்கும். அடியை வெயிலுக்குத் திருப்பி வாய் வழியே உள்ளே நோக்கினால் ஊசித்துளை இருப்பின் வெளிச்சம் தெரியும். வாங்கி வந்த சட்டியை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, அரிசி கழுநீரையோ வடித்த கஞ்சியையோ ஊற்றிச் சிறு தீயில் இரண்டு மூன்று முறை காய்ச்சவேண்டும். கஞ்சியின் பசை துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். இதைச் சட்டி பழக்குதல் என்று நம் பெண்மக்கள் சொல்வார்கள். தண்ணீர்ப் பானைக்கு எது திறந்திருக்க வேண்டுமோ, சமையற் சட்டிக்கு அது அடைந்திருக்க வேண்டும். ஒரே மண்ணில் செய்த இரண்டு பாண்டங்களுக்கு நேர் விரோதமான இரண்டு பக்குவங்கள்!

நிற்க. பேரத்துக்கு வருவோம். "மண்ணுக்கா இவ்வளவு விலை?" என்ற கேள்வி இக்கடைகளில் நாள்தோறும் எழுகிறது. குளிரூட்டிய கடையில் அச்சடித்த விலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வருகிறவர்கள்தாம், இங்கே பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் நிற்கிறார்கள். கேள்வி தவறானது. மண்ணுக்கு விலையில்லை என்று வைத்துக்கொண்டாலும், பானைக்குப் பல வேலைகள் உண்டு. மண்ணைக் கொணர்ந்து உலர்த்தி, கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, அளவாக மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்தவேண்டும். சக்கரத்தில் எழும்பும்போது பானைக்கு அடி கிடையாது என்பது நேயர்களிற் பலருக்குத் தெரியாதிருக்கலாம். வாயும் கழுத்தும் தோளுமே அங்கே உருவாகின்றன. அடி திறந்த அப்பாண்டத்தைப் பாதி உலரவிட்டு, உள்ளே ஒரு கையால் வழவழப்பான கல்லைத் தாங்கிக்கொண்டு, வெளியே மற்றொரு கையால் மரப்பலகை கொண்டு தட்டித் தட்டி, மண்ணை இழுத்து அடியை மூடுகிறார்கள். வயிறு பெருப்பதும் சுவர் மெலிவதும் இந்தத் தட்டலினாலேதான். இவ்வேலையில் வீட்டுப் பெண்டிரின் பங்கு பல ஊர்களில் பெரிது. ஒரு பானைக்கு நூற்றுக்கணக்கான தட்டு. அச்சில் வார்த்த பாண்டத்துக்கு இந்த மெல்லிய சுவர் வராது.

பிறகு நிழலில் உலர்த்தல், காவி பூசுதல், சூளை. விறகு, வைக்கோல், வறட்டி, தேங்காய் மட்டை ஆகியவற்றோடு பாண்டங்களை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசுகிறார்கள். களிமண்ணோடு பிணைந்து நிற்கும் நீர் 450 முதல் 600 டிகிரி உஷ்ணத்தில் வெளியேறுகிறது. அதன் பின்னரே மண் மீண்டும் நீரில் கரையாத தன்மையை அடைகிறது. நாட்டுச் சூளையின் உஷ்ணம் 700 முதல் 900 டிகிரி வரை போகும். இதை அளக்கக் குயவரிடம் கருவி இல்லை. தீயின் நிறமே அளவுகோல். உலராத ஒரு பானை உள்ளே வெடித்தால் பக்கத்திலிருப்பவற்றையும் கெடுக்கும். அந்த நஷ்டம் யாவும் மிஞ்சிய பானைகளின் விலையில் அடங்கவேண்டும். அதன்பின் லாரிக் கூலி, வழியில் உடைவது, கடைக்காரரின் பிழைப்பு. பத்து ரூபாய் எங்கே குறைப்பது?

நமது சமையலறையிலிருந்து மண்சட்டி வெளியேறிய வரலாற்றில் சென்னைக்கு ஒரு விசேஷ பாகம் உண்டு. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ம் வருஷத்தில் சென்னையில் தொடங்கிய கலைப் பாடசாலையில் மட்பாண்ட வேலை கற்பிக்கப்பட்டு வந்தது. அதே பாடசாலையில்தான் 1898-ம் வருஷத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலை ஆரம்பித்தார். இரண்டே வருஷங்களில் அது தனிக் கம்பெனியாக மாறியது. இலேசானது, உடையாதது, சீக்கிரம் சூடேறுவது ஆகிய மூன்று குணங்களால் அது ஏழை வீட்டுக்குள்ளும் நுழைந்தது. இதற்காக அந்த வீட்டுப் பெண்ணைக் குறை கூறுவதற்கு நமக்கு நியாயமில்லை. கிணற்றிலிருந்து மண்குடம் சுமந்தவளுக்கே அதன் பாரம் தெரியும். மண்பாண்டத்தின் பழம்பெருமையைப் பேசுகிற நம்மில் எவரும் அதைச் சுமந்ததில்லை.

1934-ம் வருஷம் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் காந்தியடிகளின் முயற்சியால் ஏற்பட்டபோது, அதை நடத்திய நம் தஞ்சாவூர் ஜே. சி. குமரப்பா, கிராமத்து மூலப்பொருளைக் கிராமத்திலேயே பண்டமாக்குவதைப் பொருளாதாரத்தின் அடிப்படையாகக் கொண்டார். அதன்படி பார்த்தால் குயவருக்கு மூலப்பொருள் ஊர் ஏரியிலேயே கிடக்கிறது. முன்னர் ஒதுக்கிவைத்த செய்தி இவ்விடத்தில்தான் வருகிறது.

தாம்பரமும் அதன் சுற்றுப்புறமும் மண்பாண்டத்துக்குப் புதிய இடமல்ல. பல்லாவரத்தில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்ஸாண்டர் ரீ என்ற புதைபொருள் ஆராய்ச்சியாளர், இறந்தோரை வைத்துப் புதைக்கும் சுடுமண் பேழைகளைக் கண்டெடுத்தார். தொட்டி போன்ற நீண்ட உருவமும் அடியில் வரிசை வரிசையான கால்களும் கொண்டவை அவை. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950, 1952-ம் வருஷங்களில் நடந்த அகழ்வுகளிலும் இத்தகையவை கிடைத்தன. இவ்வளவு பெரிய பேழையை விரிசலின்றிச் சுட்டெடுத்த கைகள் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னரே இந்தப் பிரதேசத்தில் இருந்தன. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவன் புகழுக்கேற்ற பெரிய தாழியைச் செய்ய உன்னால் ஆகுமோ என்று ஐயூர் முடவனார் வினவியது ஒரு குயவரைத்தான் என்பது புறநானூறு கற்றோர் அறிந்தது.

இதற்கெல்லாம் மண் வேண்டுமே! செங்கற்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்று சொல்வது வழக்கம். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கங்கரணை, முடிச்சூர், கீழ்க்கட்டளை என்று ஊருக்கோர் ஏரி. மழைநீரோடு வந்து படியும் நுண்ணிய வண்டலும் களியும் குயவருக்குச் சரக்கு. அதை அவர் கோடையில் வெட்டியெடுப்பது ஏரிக்கு ஆழம். கொஞ்சமேயாயினும், செலவில்லாமல் நடந்த தூர்வாரும் வேலை அது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தது. பின்னர் மனைகள் பெருகின. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. இதற்கிடையே ஏரிகளின் ஓரங்கள் வீடுகளாயின. பல்லாவரத்துப் பெரிய ஏரியின் ஊடே துரைப்பாக்கம் சாலை போயிற்று. சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் சாக்கடை கலப்பதைக் குறித்து ஊரார் பல வருஷங்கள் முறையிட்ட பின்னரே சீர்திருத்த வேலைகள் நடந்தன. சாக்கடை ஊறிய சேற்றில் சோற்றுப்பானை செய்ய எந்தக் குயவர் துணிவார்? 2015-ம் வருஷம் டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்க முடியாது. நீருக்குரிய இடத்தில் நாம் இருக்கிறோம். மண்ணுக்குரிய இடத்திலும் நாமே இருக்கிறோம். இவ்வூர்க் கடைகளில் நாம் வாங்கும் பானை, பெரும்பாலும் வெளியூர்ச் சூளையிலிருந்து லாரியில் வைக்கோல் மெத்தையின்மேல் படுத்து வருகிறது.

வெளியூரிலும் மண் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஏரி மண்ணைக் குயவர் இலவசமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தபோதிலும், அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்வதாக அவர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தார்கள். 2024-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் விதியை எளிதாக்கி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் தாசில்தாரிடமே அனுமதி பெற்று வண்டலும் களிமண்ணும் எடுக்க வழிசெய்தது. இது வரவேற்கத்தக்கது. மழைக்காலத்தில் தொழில் நின்றுபோவதற்காக 5,000 ரூபாய் நிவாரணம் அளிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆயின் இத்தொழிலின் உண்மையான நெருக்கடி வேறு. நமது பெரிய விற்பனைக் காலங்களான கார்த்திகையும் தையும் வடகிழக்குப் பருவமழையின் நடுவிலும் அதன் முடிவிலும் விழுகின்றன. எப்பொழுது அகல் அதிகமாக வேண்டுமோ, அப்பொழுது மண் உலராது, சூளை எரியாது. ஆகையால் மாதக்கணக்கில் முன்னரே செய்து அடுக்கிவைக்க வேண்டும். அதற்குக் கூரையும் முதலும் வேண்டும். முதலில்லாதவர் வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். பொங்கல் பரிசுத் தொகுப்பில் ஒரு மண்பானையும் சேர்க்கவேண்டுமென்று இத்தொழிலாளர் கேட்டுவருவதன் பொருள் இதுவே. நிச்சயமான ஒரு கொள்முதல் இருந்தால், முன்கூட்டிச் செய்து வைக்கத் துணிவு பிறக்கும்.

தாம்பரம் மாநகராட்சி இவ்விஷயத்தில் செய்யக்கூடியது இரண்டு உண்டு. இப்பகுதி ஏரிகளைத் தூர்வாரும்போது வெளியேறும் மண்ணில், சாக்கடை தீண்டாத பாகத்தைப் பள்ளம் நிரப்ப அனுப்புவதற்கு முன்னர், குயவரை அழைத்துக் காட்டவேண்டும். எது பாண்டத்துக்கு உகந்தது என்பதை அவர்கள் கையில் எடுத்துப் பிசைந்தே சொல்லிவிடுவார்கள். இரண்டாவது, சாலையோரத்தில் பல வருஷங்களாக நடக்கும் மண்பாண்டக் கடைகளைச் சாலை அகலப்படுத்தும்போது அப்புறப்படுத்துவதோடு நிற்காமல், பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற பழகிய இடங்களுக்கருகே, மழைக்கு ஒதுங்கும் கூரையோடு இடம் தருவது. அவ்விடத்தை ஆனி மாதத்துக்குள் ஒதுக்குவது நலம். கார்த்திகைக்கு வேண்டிய அகல்கள் ஆடியிலேயே சக்கரம் ஏறியாகவேண்டும்.